விடியற்காலைச் சர்க்கரையும் நமது கெட்ட எண்ணமும்

இரவு படுக்கும்போது பிள்ளைக்குச் சர்க்கரை 130. ஃபஜ்ருக்கு எழுப்பிப் பார்த்தால் 250. இன்சுலின் ஊசியால் வாழும் பிள்ளை அது. உடனே விசாரணை தொடங்குகிறது: "இராத்திரி எதைத் திருடித் தின்றாய்?" பிள்ளை அல்லாஹ்வின் மீது ஆணையிட்டு மறுக்கிறது. நாம் நம்புவதில்லை. நமது தர்மபுரி மாவட்டத்து மக்தபுகளில் ஓதிக்கொடுக்கும் உஸ்தாதுமார்களாகிய நாமும் இக்கேள்வியைக் கேட்டவர்களே.

இது அநியாயம். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, பிள்ளை ஆழ்ந்து உறங்கும்போது வளர்ச்சி ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கிறது. எலும்பை நீட்டி வளர்க்கும் அதே ஹார்மோன் இன்சுலினின் வேலையைத் தடுக்கிறது. கல்லீரலும் இரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டுகிறது. நோயற்ற பிள்ளையின் கணையம் கூடுதல் இன்சுலின் சுரந்து ஈடுகட்டிவிடும். முதல் வகை நீரிழிவுள்ள பிள்ளைக்கோ ஊசியில் ஏற்றியது மட்டுமே உண்டு. அதன் வீரியமும் விடியலில் குன்றியிருக்கலாம். பருவ வயதில் இந்த ஹார்மோன் பெருகுவதால், ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 யூனிட்டுக்கு மேலும் இன்சுலின் தேவைப்படுவதுண்டு. சர்க்கரையில் பிட்யூட்டரிக்குள்ள பங்கைக் கண்டறிந்ததற்காக அர்ஜென்டினாவின் பெர்னார்டோ ஊசேக்கு 1947இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நாமோ இன்னும் தலையணைக்கடியில் மிட்டாய்த் தாளைத் தேடுகிறோம்!

"பிள்ளைகள் திருடித் தின்பதே இல்லையா?" எனக் கேட்பீர்கள். தின்னலாம். ஆனால் சந்தேகத்தை வைத்தே தீர்ப்புச் சொல்ல யார் அனுமதித்தார்? சூரா அல்ஹுஜுராத்தின் 12ஆம் வசனத்தை மேடையில் முழங்கும் நாம், வீட்டுக்குள் அதை மறந்துவிடுகிறோம். ஏச்சுக்கு அஞ்சும் பிள்ளை அளவைக் குறைத்துச் சொல்லப் பழகும். கோபத்தில் இரவுச் சோற்றை நிறுத்துவோரும், தாமாகவே ஊசியின் அளவை ஏற்றுவோரும் உண்டு. தூக்கத்திலேயே சர்க்கரை தாழ்ந்து வலிப்பு வந்துவிட்டால் யார் பொறுப்பு?

தஹஜ்ஜுத்துக்கு எழும் பெற்றோர் சில நாட்கள் 3 மணிக்குப் பிள்ளையின் விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்து எழுதி வைக்கட்டும். அந்நேரத்தில் சர்க்கரை தாழ்ந்திருந்தால் மருத்துவம் ஒன்று; ஏறிக்கொண்டிருந்தால் வேறொன்று. அந்தக் குறிப்பை தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ தங்கள் மருத்துவரிடமோ கொண்டுசெல்லட்டும். அதற்குமுன், நேற்று ஏசிய பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கட்டும். நாமும் கேட்கிறோம்.