மலையில் எங்கே போவது?

நன்றாக நடங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள், கீரை சாப்பிடுங்கள், நேரத்துக்குத் தூங்குங்கள். நீண்ட நாள் வாழ வழி சொல்கிற எவர் வாயிலும் இந்த நாலும்தான். காலையில் வாட்ஸ்அப்பில் வருகிறது, தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டால் அங்கேயும் வருகிறது. சொல்வதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் பூண்டுலோயாத் தேயிலை மலைகளில் கொழுந்து எடுக்கிற பொம்பளைகளை வரிசையாக உட்காரவைத்து இதைச் சொல்லும்போது எனக்கு வயிறு எரிகிறது.

நடையையே எடுங்கள். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி என்ற கணக்கு எந்த வைத்தியரும் கண்டுபிடித்ததல்ல; 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடியெண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவியது. 2019இல் அமெரிக்காவில் வயதான பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், 7,500 அடிக்கு மேல் நடந்தவர்களுக்குக் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. எங்கள் அக்காமார் விடிந்ததும் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்துக்கு, இறங்கி, மலைக்கு ஏறி, கொழுந்தைச் சுமந்து நிறுவைக்கு இறங்கி, திரும்பவும் ஏறுகிறார்கள். நடை அவர்களுக்குக் குறைச்சலே இல்லை. முழங்கால்தான் தேய்கிறது.

அவர்களுக்குக் குறைகிறது இரத்தம். இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 1979இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. இரத்தச்சோகை உள்ள பெண்களுக்கு இரும்புச் சத்து கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் எடுத்த கொழுந்து கூடியது. இரத்தம் மிகவும் குறைந்தவர்களிடம் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. இது தெரிந்து நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. இன்றைக்கும் கர்ப்பிணிப் பிள்ளைகளுக்கு மிட்வைஃப் மிஸ் இரும்புக் குளுசை கொடுக்கிறார், தேத்தண்ணியோடு போடாதே என்று சொல்லியும் அனுப்புகிறார். பிள்ளை வீட்டுக்கு வந்து அதைச் சாயத் தேத்தண்ணியோடுதான் விழுங்குகிறது! சாயத்தில் உள்ள துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும். உடம்புக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். கோதுமை மா ரொட்டி, தேங்காய்ச் சம்பல், கூடவே சுடச்சுடச் சாயம் என்று நாம் சாப்பிடுகிற சாப்பாட்டிலும் இதே கதைதான்.

இதை மாற்றக் கம்பனியைக் கேட்க வேண்டியதில்லை, தொழிற்சங்கத்தையும் கேட்க வேண்டியதில்லை. தேத்தண்ணியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடித்தால் போதும். சம்பலில் தேசிக்காயைத் தாராளமாகப் பிழியலாம், அந்தப் புளிப்பு இரும்பு உடம்பில் சேர உதவும். குளுசையை இரவு படுக்கப்போகும்போது வெறும் தண்ணீரில் போடலாம். இத்தனை சின்ன விஷயத்தை வீட்டுக்கு வீடு சொல்ல நமக்கு வாய் வரவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

சொன்னால் என்ன பதில் வருகிறது தெரியுமா? "காலையில எனக்கு எங்கம்மா ஒரு மணி நேரம் இருக்கு?" நியாயமான கேள்வி. இருட்டோடு எழும்பி, அடுப்பை ஊதி, எல்லாருக்கும் ரொட்டி தட்டி, பெரியதைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, சின்னதைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டுப் பிரட்டுக்கு ஓடுகிறாள். கொஞ்சம் பிந்தினால் வேலை இல்லை. சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். ராத்திரி கடைசியாகப் படுப்பதும் அவள்தான். அவளிடம் போய் எட்டு மணித்தியாலம் தூங்கு என்கிறோம். அதே காம்பராவில் கால் நீட்டிப் படுத்திருக்கிற அண்ணனும் தம்பியும் ரெண்டு ரொட்டி தட்டினால் கை தேய்ந்தா போகும்? கூட்டத்துக்கு அவர்களை யாரும் கூப்பிடுவதே இல்லை.

வெற்றிலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இலேயே சொல்லிவிட்டது: புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு வாய்ப் புற்றுநோயைத் தரும். குளிருக்கும் பசிக்கும் போடுகிறோம் என்கிறார்கள். பசிக்குப் போடுகிறவளிடம் வெற்றிலையை விடச் சொன்னால், காலைப் பத்து மணிக்கு அவள் வாயில் போட ஏதாவது கொடுக்கவும் வேண்டும். கொடுக்க இல்லாமலா இருக்கிறது? கீரையும் கரட்டும் லீக்ஸும் எங்கள் மலை மாவட்டத்திலிருந்துதான் லொறி லொறியாகக் கீழே போகின்றன.

என்னை உண்மையிலேயே உலுக்குவது தண்ணீர்தான். மலையில் நிற்கிற பொம்பளைகள் வேண்டுமென்றேதான் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். குடித்தால் போக வேண்டும், போக இடமில்லை. பெரும்பாலான மலைகளில் கக்கூஸ் என்று ஒன்று கிடையாது. ஆம்பளை கான் ஓரமாகத் திரும்பி நின்றுகொள்வான். இவள் தேயிலைச் செடிக்குள் அட்டைக்கும் குளவிக்கும் பயந்து, யாரும் வருகிறார்களா என்று பார்த்துப் பார்த்து ஒதுங்க வேண்டும். மாதவிலக்கு நாளில் படுகிற பாட்டை நான் எழுதித்தான் தெரிய வேண்டுமா? அதனால் காலையிலிருந்து பொழுது சாயும்வரை அடக்குகிறார்கள். நீர்க்கடுப்பு வருகிறது, காய்ச்சல் வருகிறது, டிஸ்பென்சரியில் குளுசை வாங்கிக்கொண்டு மறுநாள் திரும்பவும் தண்ணீர் குடிக்காமல் மலைக்குப் போகிறார்கள். ஒரு கூட்டத்தில் படித்த ஒருவர் எழுந்து, "தண்ணீர் குடிக்கும் பழக்கம் இவர்களிடம் இல்லை" என்றார். பழக்கமாம்!

எந்த மலையானாலும் கொழுந்து நிறுக்கத் தராசு வைக்க ஓர் இடம் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஒரு குழி வெட்டி, நாலு தகரம் மறைத்து, ஒரு பீப்பாய் தண்ணீர் வைக்க முடியாதா? அடுத்த தடவை எட்டு கிளாஸ் தண்ணீர் என்று படம் போட்டு விளக்க வருகிறவர்கள், மண்டபத்துக்கு வரும் முன் தோட்டத்து ஆபீஸில் ஏறி இதைத் துரையிடம் கேட்டுவிட்டு வரட்டும். அவர் சொல்கிற பதிலையும் ஒலிபெருக்கியில் எங்களுக்குச் சொல்லட்டும்.