கொறங்காட்டைத் தரிசு என்று எழுதாதீர்கள்

பருவநிலை மாற்றம் பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் நெல்லிலும் அணை நீர்மட்டத்திலும் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. மானாவாரி நிலத்தில் மாடும் ஆடும் வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் அதில் இடம்பெறுவது அபூர்வம். அவர்களுடைய மேய்ச்சல் நிலம் இடம்பெறுவது அதைவிட அபூர்வம். காங்கயம், தாராபுரம், வெள்ளக்கோவில், மூலனூர், அரவக்குறிச்சி பகுதிகளில் மிஞ்சியிருக்கும் கொறங்காடுகள் வருடத்துக்கு வருடம் சுருங்கி வருவது பெரிய செய்தியாகாததற்கு இதுவும் ஒரு காரணம்.

கொங்கு நாட்டில் 'காடு' என்றால் வனம் என்று பொருளல்ல. மானாவாரிப் புஞ்சைக்கும் காடு என்றே பெயர். கொறங்காடு என்பது அப்படிப்பட்ட பட்டா நிலத்தில் உழவர்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்துக் காத்துவந்த மேய்ச்சல் காடு. அதை அழிப்பதற்கு ஒரு கிரையப் பத்திரமும் ஒரு பொக்லைன் இயந்திரமும் போதும். திரும்ப உண்டாக்குவதற்கு ஒரு தலைமுறை வேண்டும்.

மூன்று அடுக்கு

கொறங்காட்டின் தரையில் இருப்பது கொழுக்கட்டைப் புல். பல ஆண்டு வாழும் இந்தப் புல்லின் இடையே நரிப்பயறு, செப்புநெருஞ்சி போன்ற பயறுவகைச் செடிகள் படர்ந்திருக்கும். மேலே ஆங்காங்கே வெள்வேல மரங்கள், சில இடங்களில் வேம்பும் உசிலையும். நான்கு புறமும் முள்கிளுவை உயிர்வேலி. புல், மரம், வேலி ஆகிய மூன்றும் இந்த மண்ணுக்கே உரியவை. காங்கயம் மாடும் மேச்சேரி ஆடும் இந்தத் தீவனத்தைத் தின்றே உருவான இனங்கள்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பயறுவகைச் செடிகளும் வெள்வேலும் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கின்றன. புல் காய்ந்துபோகும் கோடையில் வெள்வேலின் காய்கள் உதிர்ந்து ஆடுகளுக்குப் புரதத் தீவனமாகின்றன. அந்த மரத்தின் இலை சிறியது, நிழல் மெல்லியது. எனவே அடியில் புல் வளர்வது தடைப்படுவதில்லை. கிளுவை வேலி காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுப்பதால் ஒரு காட்டில் மேய்ச்சல், அடுத்த காட்டுக்கு ஓய்வு என்று சுழற்சி வைக்க முடிகிறது. ஆடித் திங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றின் வேகத்தையும் அந்த வேலிதான் தணிக்கிறது. கௌதாரி, வானம்பாடி, விசிறித்தொண்டை ஓணான் எனப் புல்வெளியை நம்பி வாழும் உயிரினங்கள் பலவற்றுக்கும் இது வீடு.

மழை தவறும்போது

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதி இது. ஆண்டுக்கு ஏறக்குறைய 600 மி.மீ. மழை. அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையில்தான் வரவேண்டும். இப்போது அந்த மழையும் மாறிவருகிறது. நாலைந்து நாளில் கொட்டித் தீர்த்துவிட்டுப் பிறகு வாரக்கணக்கில் வானம் வெளுத்துக் கிடக்கிறது. ஓராண்டுப் பயிர் விதைத்தவர், முதல் மழைக்கு முளைத்த பயிர் அடுத்த மழை வருவதற்குள் கருகினால் மறுபடியும் விதை வாங்க வேண்டும், மறுபடியும் ஏர் ஓட்ட வேண்டும்.

கொழுக்கட்டைப் புல்லுக்கு அந்த நெருக்கடி இல்லை. மேலே காய்ந்தாலும் அடியிலுள்ள தூரும் ஆழமாக இறங்கிய வேரும் உயிரோடு இருக்கும். ஒரு நல்ல மழை விழுந்த சில நாட்களில் பச்சை காட்டும். தூர் தூராக நிற்கும் புல், வேகமாக ஓடும் மழைநீரைத் தடுத்து நிறுத்தி மண்ணுக்குள் இறக்குகிறது. அதே மழை, உழுது வெறுமையாகக் கிடக்கும் செம்மண்ணில் பெய்தால் மேல்மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடிவிடும். புல் தன் வளர்ச்சியில் பெரும்பகுதியை மண்ணுக்குள் வேராகவே வைக்கிறது. அந்த வேரால் சேரும் கரிமச்சத்து நிலத்தை உழாதவரை அங்கேயே தங்கும்.

இதன் அருமை வறட்சியில்தான் தெரியும். 2016ஆம் ஆண்டு தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் அப்போதிருந்த 32 மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று அரசு அறிவித்தது. வைக்கோலையும் சோளத்தட்டையும் விலைக்கு வாங்கிக் கட்டுப்படியாகாமல் மாடுகளைச் சந்தைக்கு ஓட்டியவர்கள் பலர். ஜல்லிக்கட்டுக்காக நாடே நாட்டு மாட்டைப் பற்றிப் பேசியதும் அதே ஜனவரியில்தான். மாட்டைப் பற்றிப் பேசினோம். அது மேய வேண்டிய புல்லைப் பற்றிப் பேசத் தவறினோம். மேய்ச்சல் காடு இல்லாமல் காங்கயம் இனத்தைக் கட்டுத்தறியில் வைத்து அடர்தீவனம் போட்டுக் காப்பாற்றுவது சாதாரண உழவருக்கு முடியாத காரியம்.

எதனால் சுருங்குகிறது?

டிராக்டர் வந்தபின் உழவு மாட்டின் தேவை குறைந்தது. கால்வாய்ப் பாசனமும் ஆழ்துளைக் கிணறும் எட்டிய இடங்களில் கொறங்காடு தென்னந்தோப்பாயிற்று. சாலையோரக் காடுகள் மனைகளாயின. இப்போது சூரிய மின்உற்பத்திக்காக மொத்தமாக நிலம் தேடி வருகிறார்கள். சூரிய மின்சாரம் நமக்கு வேண்டும். அதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் வறட்சியைத் தாங்கும் புல்வெளியை வழித்தெடுத்துவிட்டு, பருவநிலையைக் காக்கிறோம் என்று அங்கே தகடுகளைப் பரப்புவது கணக்குக்கு ஒத்துவராது. ஆலைக் கூரைகள், கிடங்குக் கூரைகள், புல்லும் விளையாத பாறை நிலங்கள் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

நிலத்தை விற்கும் விவசாயியைக் குறை சொல்லிப் பயனில்லை. பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள், வேலி கட்ட ஆள் இல்லை, கொறங்காட்டை ஓராண்டுக்கு மேய்ச்சல் குத்தகைக்கு விட்டால் கிடைக்கும் தொகை நிலத்தின் சந்தை விலைக்குப் பக்கத்தில்கூட வராது. அந்தக் காடு ஊருக்கே நிலத்தடி நீரையும் மண்ணையும் காத்துக் கொடுக்கிறது. அதற்காக அவருக்கு யாரும் ஒரு ரூபாய் கொடுப்பதில்லை. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

விற்காமல் வைத்திருக்கும் காடுகளிலும் சீமைக் கருவேலம் புகுந்துவிட்டது. ஆடு மாடுகள் அதன் காயைத் தின்று சாணத்தோடு விதையைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. இடம் மாறினால் ஒரு தாவரத்தின் குணமே மாறிவிடும் என்பதற்கு நம் கொழுக்கட்டைப் புல்லும் சாட்சி. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்திலும் அதே புல் உள்ளூர்த் தாவரங்களை ஒடுக்கும் களையாகக் கருதப்படுகிறது. இங்கே அதை மேய்ந்து கட்டுக்குள் வைக்கும் கால்நடையும், அதோடு சேர்ந்து வளர்ந்த செடிகளும் இருக்கின்றன. ஒரு தாவரம் நல்லதா கெட்டதா என்பதை அது எந்த மண்ணில் நிற்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நல்லெண்ணத்தாலும் இந்த நிலத்துக்குத் தீங்கு வருகிறது. பசுமைப் பரப்பைக் கூட்டுகிறோம் என்று புல்வெளியில் குழி பறித்து நெருக்கமாக மரக்கன்று நடுகிறார்கள். அடர்ந்த நிழலில் கொழுக்கட்டை நிற்காது. புல் போனால் ஆடும் போகும். மரம் இல்லாத ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் நடுங்கள். புல்வெளியைப் புல்வெளியாகவே விடுங்கள்.

கொறங்காடு வைத்திருப்பவர்களுக்கு

முதல் மழை பெய்தவுடன் கால்நடைகளை உள்ளே விடாதீர்கள். புல் தூர் கட்டும்வரை அந்தக் காட்டுக்கு ஓய்வு வேண்டும். ஆண்டுக்கு ஒரு காட்டையாவது கதிர் வந்து விதை உதிரும்வரை மூடிவையுங்கள். தரையோடு கரம்பும்வரை மேயவிடாமல், அரைச்சாண் உயரம் புல் நிற்கும்போதே அடுத்த காட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

புல் குறைந்த இடங்களில் மறுவிதைப்பு செய்யலாம். உங்கள் காட்டிலேயே சேகரித்த கொழுக்கட்டை விதை மிகவும் ஏற்றது. கிடைக்காதவர்கள் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 நீலக் கொழுக்கட்டையை நாடலாம். ஹெக்டேருக்கு 6 முதல் 8 கிலோ விதை போதும். புதிதாக எடுத்த விதைக்கு உறக்கம் உண்டு. 6 முதல் 8 மாதம் வைத்திருந்து விதைத்தால்தான் முளைப்பு சீராக இருக்கும். விதை பஞ்சுபோல் இலேசானது, காற்றில் பறந்துவிடும். ஈர மணலோடு கலந்து தூவி, முள் கொத்தை இழுத்து மேலாக மூடினால் போதும். ஆழமாகப் போனால் முளைக்காது. கூடவே கொஞ்சம் நரிப்பயறும் சேர்த்துக்கொள்ளுங்கள். முயல்மசாலும் வேலிமசாலும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. அவற்றைத் தீவன வயலில் தனியாகப் போடுங்கள். கொறங்காட்டுக்கு நம் பயறுவகைகளே போதும்.

சீமைக் கருவேலத்தை வெட்டினால் மட்டும் போதாது. தூரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது வேரோடு எடுங்கள். எடுத்த இடத்தை வெறுமையாக விட்டால் பார்த்தீனியம் பிடித்துக்கொள்ளும். அன்றைக்கே புல்விதையைத் தூவிவிடுங்கள். வெளியிலிருந்து வரும் ஆட்டுப் பட்டியைச் சில நாள் ஓரிடத்தில் அடைத்துவைத்து, வயிற்றிலுள்ள விதை கழிந்தபின் உள்ளே விடுவது நல்லது.

வேலியில் இடைவெளி விழுந்தால் கம்பி கட்டுவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். முள்கிளுவையின் குச்சியை வெட்டி மழைக்கு முன் நெருக்கமாக நட்டால் வேர்பிடித்துவிடும். கம்பி துருப்பிடிக்கும், கிளுவை ஆண்டுக்கு ஆண்டு கெட்டிப்படும்.

அரசும் களப்பணியாளர்களும்

முதல் தேவை, கணக்கில் சரியான பெயர். நிலப் பயன்பாட்டுப் புள்ளிவிவரத்தில் நிரந்தர மேய்ச்சல் நிலம் என்று ஒரு வகை உண்டு. ஆனாலும் பயிர் காட்டாத பட்டாப் புஞ்சையைத் தரிசு என்று எழுதிவிடுவது எளிது. தரிசு என்று எழுதிய நிலத்தை வேறு எதற்கு மாற்றினாலும் அது முன்னேற்றமாகத்தான் தோன்றும். கொறங்காடு எத்தனை ஏக்கர் மிஞ்சியிருக்கிறது என்று கிராம வாரியாக அளந்து, அடங்கலில் மேய்ச்சல் நிலமாகப் பதிய வேண்டும்.

இரண்டாவது, காப்பவருக்கு ஊதியம். புல்லையும் வெள்வேலையும் உயிர்வேலியையும் பராமரிப்பவருக்கு ஏக்கர் கணக்கில் ஆண்டு ஊக்கத்தொகை கொடுக்கலாம். பயிர்க் காப்பீடு உணவுப் பயிர், எண்ணெய்வித்து, வணிகப் பயிர்களுக்கு இருக்கிறது. மழை பொய்த்து மேய்ச்சல் போனவருக்கும் வறட்சி நிவாரணத்தில் ஓர் இடம் வேண்டும். சீமைக் கருவேலத்தை வேரோடு எடுக்க இயந்திர வாடகையில் மானியம் கொடுத்தால் பலர் முன்வருவார்கள். அயல் தாவரங்களை அகற்றுவதற்கான மாநிலக் கொள்கை 2022இல் வந்துவிட்டது. அது வனத்துறை எல்லையோடு நின்றுவிடக் கூடாது.

மூன்றாவது, உள்ளூர் அமைப்புகள். உயிரியல் பன்மைச் சட்டம், 2002இன்படி ஒவ்வோர் உள்ளாட்சிக்கும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் உண்டு. அந்தப் பதிவேட்டில் கொறங்காடும் அதன் புல், மரம், கால்நடை இனங்களும் ஏறியிருக்கின்றனவா என்று வேளாண் அலுவலர்களும் கால்நடை மருத்துவர்களும் கிராமசபையில் கேட்கலாம். உள்ளூர்க் கொழுக்கட்டை விதையைச் சேகரித்து விற்க மகளிர் குழுக்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம். விதைக்கும் வாங்க ஆள் கிடைக்கும், குழுவுக்கும் வருமானம் கிடைக்கும்.

ஐக்கிய நாடுகள் சபை 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான பன்னாட்டு ஆண்டாக அறிவித்திருக்கிறது. கருத்தரங்குகள் நடக்கும், உரைகள் நிகழும். நமக்கு வேண்டியது அதைவிடச் சிறியது: ஒவ்வொரு ஊரிலும் எஞ்சியிருக்கும் கொறங்காட்டின் பட்டியல், அதை வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகும் ஒரு தொகை, அடுத்த மழைக்குத் தூவ ஒரு மூட்டைப் புல்விதை. அடுத்த வறட்சி எந்த ஆண்டு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அது வரும்போது புல் எங்கே நிற்கும் என்பதை மட்டும் இப்போதே முடிவு செய்ய முடியும்.