காற்றலையில் மண்ணூருக்கும் பங்கு வேண்டும்

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதிக்கென்று ஒரு சமுதாய வானொலி வேண்டும். மண்ணூர் போன்ற ஒரு கிராமத்திலிருந்து அது ஒலிக்க வேண்டும். இங்கே பாடப்படும் பாட்டைப் பதிவு செய்வதே அதன் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

பாட்டுக்கு இங்கே பஞ்சமில்லை. காஞ்சிபுரம் வட்டாரம் கட்டைக்கூத்து செழித்த நிலம். 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை பிள்ளைகளுக்கு ஒரு குருகுலமே நடத்தியது. ஆனால் விடிய விடியக் கூத்துப் பார்க்க வேண்டிய இளைஞர் இன்று இரவு ஷிப்டில் நிற்கிறார். சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் போன ஊர்களில் நடவுப் பாட்டு தெரிந்த பெண்கள் முதுமையில் இருக்கிறார்கள். நடவு நின்றதும் அந்தப் பாட்டைப் பாடும் இடமும் போய்விட்டது. சாவு வீட்டில் கானா பாடும் பையன்கள் பகலில் ஒப்பந்தத் தொழிலாளிகள். வல்லம் வடகாலில் 2024இல் திறந்த தொழிலாளர் விடுதி மட்டும் 18,720 பெண்கள் தங்குமளவு பெரியது. அவரவர் ஊர்ப் பாட்டு அவர்களோடுதான் வந்திருக்கும். ஒடிசா, பீகார், அசாமிலிருந்து வந்தவர்களின் பாட்டும் இப்போது இந்த மண்ணின் பாட்டுதான்.

செல்போனில்தான் எல்லாம் பதிவாகிறதே என்பார்கள். பதிவாகிறது, போன் மாறினால் அழிகிறது. பாடியவர் யார், பறை அடித்தவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்ற விவரம் பெரும்பாலும் கூடவே வருவதில்லை. இதையெல்லாம் கேட்டு எழுதி வைத்து, மறுநாள் அதே ஊருக்கு ஒலிபரப்ப ஒரு நிலையம் தேவை. ஷிப்ட் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் டீக்கடையிலும் தன் குரலைக் கேட்டவர், அடுத்த பாட்டோடு நிலையத்துக்கு வருவார்.

காற்றலை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலி 2004இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில்தான் தொடங்கியது. 2006இல் தொண்டு அமைப்புகளுக்கும் கதவு திறந்தது. பாம்பனில் மீனவர்களுக்காகக் ‘கடல் ஓசை’ 2016 முதல் ஒலிக்கிறது. நமக்கு நெருங்கிய முன்மாதிரி குர்கான். மாருதி தொழிற்சாலையும் ஆயத்த ஆடை ஆலைகளும் நிறைந்த அந்த நகரில் 2009இல் தொடங்கிய ‘குர்கான் கி ஆவாஸ்’, சினிமாப் பாட்டை நம்பாமல் ஹரியானா கிராமத்துப் பாடகர்களுக்கும் புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்கும் ஒலிவாங்கியைக் கொடுத்தது. அங்கே முடிந்தது இங்கே முடியாமல் போகக் காரணமில்லை.

லாப நோக்குள்ள நிறுவனங்களுக்கும் அரசியல் கட்சிகளுக்கும் சமுதாய வானொலி உரிமம் கிடையாது. அது நல்ல விதி. இப்பகுதி ஆலைகள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து கருவி வாங்கித் தரட்டும். கட்டாயம் தர வேண்டும் என்றே சொல்கிறோம். ஆனால் சம்பளத்தைப் பற்றியோ, விடுதிச் சாப்பாட்டைப் பற்றியோ ஒருவர் பாட்டுக் கட்டினால் அதைத் தடுக்கும் அதிகாரம் பணம் தந்தவருக்கு இருக்கக் கூடாது. நிகழ்ச்சிகளைத் தேர்வு செய்யும் குழுவில் கலைஞர்களும் தொழிலாளர்களும், குறிப்பாக விடுதிப் பெண்களும், பெரும்பான்மையாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, உரிமை. நிகழ்த்துகலைஞரின் உரிமையைப் பதிப்புரிமைச் சட்டம் 1994 திருத்தத்திலேயே ஏற்றுக்கொண்டது. பறைக்கும் கானாவுக்கும் சாதியின் பெயரால் நேர்ந்த அவமதிப்பு போதும். பாடியவர் பெயரைச் சொல்லாமல் ஒரு பாட்டும் ஒலிக்கக் கூடாது. பதிவின் ஒரு பிரதி அவர் கைக்குப் போக வேண்டும். வேறு யாராவது அதைப் பயன்படுத்தக் கேட்டால், சம்மதமும் தொகையும் அவரே முடிவு செய்ய வேண்டும்.

நூறு வாட் ஒலிபரப்பி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் எட்டும். ஒரகடத்துக்குப் பின்னாளில் இன்னொரு நிலையம் தேவைப்படலாம். முதலில் மண்ணூர்ப் பக்கம் ஒன்று வரட்டும். கல்வி நிறுவனங்களும், பதிவு பெற்று மூன்றாண்டு இயங்கிய தொண்டு அமைப்புகளும் விண்ணப்பிக்கலாம். இப்பகுதியில் பொறியியல் கல்லூரிகள் உண்டு. அவற்றில் ஒன்று முன்வர வேண்டும். மாவட்ட நிர்வாகம் இடம் ஒதுக்கித் தர வேண்டும். நடவுப் பாட்டுப் பெண்களின் வயதை நினைத்தால், பதிவு வேலை உரிமத்துக்குக் காத்திருக்காமல் இந்த ஆண்டே தொடங்கியாக வேண்டும்.