பீன்யா மண்ணும் பழைய பாலிசிகளும்

பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டையில் மின்முலாம் பூசும் பட்டறைகளின் கழிவால் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பது ஆய்வுகளில் பலமுறை உறுதியாகியுள்ளது. பட்டறையை மூடிவிட்டு முதலாளி போய்விடுகிறார். நஞ்சு மண்ணில் தங்கிவிடுகிறது. அதை அகற்றும் செலவு யாருடையது?

அமெரிக்காவில் 1980-இல் சூப்பர்ஃபண்ட் சட்டம் வந்தபின், நிறுவனங்கள் தம் பழைய பொறுப்புக் காப்பீட்டுப் பாலிசிகளைத் தூசுதட்டித் தேடின. சேதம் நிகழ்ந்த காலத்தில் நடப்பிலிருந்த பாலிசி, பல்லாண்டு கழித்தும் துப்புரவுச் செலவை ஏற்க வேண்டும் எனப் பல நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. காப்பீட்டு நிறுவனங்களோ 1986 வாக்கில் மாசுபாட்டையே பாலிசியிலிருந்து விலக்கிக்கொண்டன. மூலதனத்தின் சுறுசுறுப்பு அத்தகையது!

இந்தியாவில் போபாலுக்குப் பின் வந்த 1991 பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் விபத்துக்கானது. துளித்துளியாக ஊறும் நஞ்சு அதன் கண்ணில் படுவதில்லை. உயிரிழப்புக்கு அது நிர்ணயித்த நிவாரணம் 25,000 ரூபாய். மூன்று தசாப்தங்களுக்கு அது உயரவேயில்லை. காப்பீடு எடுக்காத முதலாளிக்கான சிறைத் தண்டனையையும் 2023-இல் மோடி அரசு ஜன் விஸ்வாஸ் சட்டத்தின் வழியே நீக்கி, அபராதமாகச் சுருக்கியது. போபாலின் 337 டன் கழிவு 2025-இல்தான் பீதம்பூரில் எரிக்கப்பட்டது, அதுவும் அரசுப் பணத்தில்.

மாசடைந்த நிலங்களுக்கான 2025 விதிகள், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்கின்றன. ஓடிப்போனவரிடம் எதை வசூலிப்பது? பிரீமியத்துக்கு நிகரான தொகையை முதலாளிகள் செலுத்திச் சேர்ந்துள்ள சுற்றுச்சூழல் நிவாரண நிதி இருக்கிறது. மெல்லப் பரவும் மாசுக்கும் அந்நிதி பயன்படுமாறு சட்டம் திருத்தப்பட வேண்டும். பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்களிடம் எஞ்சியுள்ள பழைய பாலிசி ஏடுகளை அழியாமல் காத்து, பீன்யாவிலிருந்தே கணக்கெடுப்பைத் தொடங்க வேண்டும்.