பத்தாவது முட்டை

பி.காம். படித்த பெண்ணை மருமகளாக எடுப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. கணக்கு எழுதத் தனியாக ஆள் வைக்க வேண்டாம். திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு கிலோமீட்டர் உள்ளே நடந்தால் வருகிற என் மாமியார் வீட்டுத் தோப்பில் நான் வகிக்கும் பதவி அதுதான். சம்பளம் கிடையாது. முட்டை உண்டு.

தோப்பு என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். ஒன்றரை ஏக்கர். தென்னை, நாலு மாமரம், ஒரு கிணறு, எண்பது கோழிகள், மூன்று சேவல்கள். கோழிகளில் பதினைந்து சுத்த நாட்டு ரகம், மற்றவை ஒட்டு ரகம். பொழுது விடிந்ததும் திறந்துவிட்டால் புல், புழு, பூச்சி, கரையான் என்று மேய்ந்துவிட்டுப் பொழுது சாய்ந்ததும் தானாகக் கொட்டகைக்கு வந்துவிடும். என் வீட்டுக்காரரைவிடப் பொறுப்பான ஜீவன்கள்.

அத்தை பைபிளை விட்டு ஒரு அடி நகரமாட்டார். ஆகவே கோழிகளுக்கும் ஞானஸ்நானம் ஆகிவிட்டது. ஓயாமல் கிளறிக்கொண்டே இருப்பது மார்த்தாள். அத்தை போகிற இடமெல்லாம் பின்னாலேயே போவது ரூத். 'இனிமேல் இது முட்டையிடாது, குழம்புக்குத்தான்' என்று மாமா தீர்ப்பு எழுதிய பிறகு மறுபடி முட்டையிட்டு உயிர் தப்பியது சாராள். பெரிய சேவலுக்குப் பேதுரு என்று பெயர். கதைப்படி கூவியது பேதுரு அல்ல, சேவல்தான் என்று எடுத்துச் சொன்னேன். "கேக்கும்போதெல்லாம் அவர் ஞாபகம் வரணும், அவ்வளவுதான்" என்றார் அத்தை.

பண்ணைச் சட்டங்களும் அதே புத்தகத்திலிருந்துதான். தாய்ப்பறவையை முட்டையோடும் குஞ்சோடும் சேர்த்துப் பிடிக்காதே என்று உபாகமத்தில் இருக்கிறதாம். அதனால் அடைக்கோழி பக்கம் யாரும் கை நீட்டக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை விற்பனை கிடையாது. இந்தத் தகவல் கோழிகளுக்குத் தெரிவிக்கப்படவில்லை, அன்றைக்கும் இடுகின்றன.

இதிலெல்லாம் எனக்கு ஆட்சேபணை இல்லை. நம் பிரச்னை கணக்கு.

ஒரு முட்டையின் அடக்கவிலையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தீவனம்தான். வளர்ந்த கோழிக்கு ஒரு நாளைக்கு நூறு, நூற்றுப்பத்து கிராம் வேண்டும். மேய்ச்சலில் கொஞ்சம் தேறினாலும் மீதிக்குக் கடைக்குத்தான் போக வேண்டும். மக்காச்சோளமோ இப்போது கோழிக்கு மட்டும் சொந்தமில்லை. பெட்ரோலில் கலக்கிற எத்தனாலுக்கும் அதுதான் போகிறது. எங்கள் மார்த்தாள் ஊரில் ஓடுகிற மோட்டார் சைக்கிள்களோடெல்லாம் போட்டி போட்டுச் சாப்பிட வேண்டியிருக்கிறது! கடற்கரை பக்கம் என்பதால் கருவாட்டுத் தூளும் முட்டை ஓட்டுக்கான கிளிஞ்சலும் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் கருவாடு கொஞ்சம் கூடினால் ஆம்லெட்டில் வஞ்சிர வாசனை வரும். ஜாக்கிரதை.

வரவு? நாமக்கல் முட்டையைவிட இரண்டு பங்கு விலை சொன்னால்தான் எங்களுக்குக் கட்டும். வாங்குகிறவர்கள் முட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "டீ டிகாக்‌ஷன்ல முக்கினது இல்லியே?" என்று கேட்பார்கள். ஊரில் நடக்கிற காரியம் அப்படி. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

நாமக்கல்லையும் நான் குறை சொல்லமாட்டேன். அங்கே கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைக்கிற இடம் நாம் ஜெராக்ஸ் எடுக்கிற ஏ-4 தாளைவிடச் சின்னது என்பது வருத்தமான விஷயம்தான். ஆனால் தமிழ்நாட்டுச் சத்துணவில் 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்து, வாரத்தில் ஐந்து நாளும் என்று வளர்ந்ததற்கு அந்தக் கூண்டுகள்தானே காரணம்? எங்கள் எண்பது கோழிகளால் ஒரு பள்ளிக்கூடத்துக்கே கட்டுப்படி ஆகாது.

சேதாரக் கணக்கு தனி. திருக்கழுக்குன்றம் மலைக்கு ஒரு காலத்தில் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போகும். பல வருஷங்களாக அவை வருவதில்லை. எங்கள் தோப்புக்குப் பருந்து மட்டும் தவறாமல் வருகிறது. அதற்குப் பொங்கல் பிடிப்பதில்லை, குஞ்சுதான். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுச் சிற்பத்தில் ஒரு பூனை எழுந்து நின்று தவம் செய்ய, எலிகள் பக்தியோடு சுற்றி நிற்கும், பார்த்திருப்பீர்கள். அதன் வம்சாவளி எங்கள் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருக்கிறது. கீரி இன்னும் மோசம். தவமே செய்யாது, நேரே காரியம்தான்.

இதுபோக, கோழி வளர்ப்பை வருமான வரிச் சட்டம் விவசாயமாகவே ஒப்புக்கொள்வதில்லை. தென்னைக்கு விலக்கு உண்டு; அதன் நிழலில் மேய்கிற கோழிக்குக் கிடையாது.

இத்தனைக்கும் நடுவில்தான் வருகிறது பத்தாவது முட்டை. நல்ல நாளில் நாற்பது முட்டை கிடைக்கும். அத்தை கூடையை இறக்கியதும் முதல் வேலையாக நான்கை எடுத்துத் தனியாக ஒரு மண்சட்டியில் வைத்துவிடுவார். தசமபாகம். சனிக்கிழமை சட்டி காலியாகும். பிள்ளைத்தாய்ச்சி வீடு, தனியாக இருக்கிற கிழவி, நோயாளி என்று அத்தையிடம் ஒரு பட்டியல் உண்டு. அதில் இந்த மதம், அந்தத் தெரு என்றெல்லாம் பத்தி பிரிக்கவில்லை.

"அத்தை, மாசக் கடைசியில லாபம் பார்த்துட்டு அதுல பத்துல ஒண்ணு கொடுத்தா என்ன?" என்று கேட்டேன். கல்லூரியில் சொல்லிக் கொடுத்ததும் அதுதானே? லாபம் வந்த பிறகு பங்கு.

"லாபம் வரலைன்னா?"

"கொடுக்க வேண்டாம்."

"கோழி அப்படிச் சொல்லுச்சா? அது முட்டை போட்டுடுச்சே!"

பி.காம். இரண்டாம் வருஷத்தில் ஒரு பாடம் உண்டு. லாபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுத்தே தீரவேண்டியது ஒரு வகை. கடன் வட்டி மாதிரி. லாபம் இருந்தால் மட்டும் பங்கு போடுவது இன்னொரு வகை, டிவிடெண்ட் மாதிரி. நாம் எல்லோரும் தர்மத்தை இரண்டாவது வகையில் எழுதி வைத்திருக்கிறோம். அத்தை முதல் வகையில் எழுதியிருக்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம். பத்தாம் வகுப்பு தாண்டாதவர்!

இது அத்தைக்கு மட்டும் சொந்தமான கணக்கும் இல்லை. எங்கள் முட்டையை வாங்கி விற்கிற பாய் சொன்னார்: அவர்கள் மார்க்கத்தில் விளைச்சலுக்கு உஷர் என்று ஒன்று உண்டு. மழையில் விளைந்தால் பத்தில் ஒன்று. செலவு பண்ணித் தண்ணீர் இறைத்திருந்தால் இருபதில் ஒன்று. ஆஹா, இதல்லவா காஸ்ட் அக்கவுண்டிங்! பக்கத்து வீட்டு மாமி உலையில் அரிசி போடுவதற்கு முன் ஒரு பிடி எடுத்துத் தனியாகப் போடுவார். சாப்பிட்டு மிஞ்சியதில் எடுப்பதில்லை. முன்னாலேயே எடுக்கிறார்.

கோழிக்கும் சபைக்கும் உள்ள உறவும் இன்று நேற்று வந்ததல்ல. 1920-களில், அன்றைக்குத் திருவிதாங்கூரில் இருந்த மார்த்தாண்டத்தில், ஒய்.எம்.சி.ஏ. ஒரு கிராம மையம் நடத்தியது. சேலத்துக்காரரான கே.டி. பால் ஊக்கம் கொடுத்த கிராமப் பணி அது. பொறுப்பில் இருந்தவர் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர். தேனீயும் கோழியும் வளர்க்கக் கற்றுக் கொடுத்து, முட்டைகளைத் தரம் பிரித்துக் கூட்டாக விற்கவும் வழி செய்தார்கள். மார்த்தாண்டம் தேன் இன்றும் பிரசித்தம். காட்பாடியில் ஆற்காடு மிஷனின் விவசாயப் பள்ளியிலும் கோழி வளர்ப்பு முக்கியமான பாடம். நிலம் இல்லாதவருக்கும் கோழி வளர்க்க ஒரு முற்றம் போதும் என்பதுதான் இதன் அடிப்படை. ஜெபத்தோடு நாலு முட்டையும் இருந்தால் குடும்பம் நிமிரும் என்று புரிந்துகொண்ட மனிதர்கள்.

சரி, நல்ல நாளில் நாலு முட்டை கொடுப்பது பெரிய காரியமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் பார்க்கக் காத்திருந்தேன். 2022 டிசம்பர் 9-ம் தேதி, வெள்ளிக்கிழமை ராத்திரி வந்தது 'மாண்டஸ்' புயல். கரை கடக்க அதற்கு மாமல்லபுரம்தான் கிடைத்தது.

சனிக்கிழமை காலையில் கொட்டகைத் தகரம் அடுத்தவர் வயலில் கிடந்தது. இரண்டு தென்னை சாய்ந்திருந்தது. ஒன்பது கோழிகள் போய்விட்டன. ரூத்தும் அதில் ஒன்று. மற்றவை நனைந்து, விறைத்து, மூலையில் ஒண்டிக்கொண்டு நின்றன. டிசம்பரில் பகல் குறைவதால் முட்டையும் ஏற்கெனவே குறைந்திருந்தது. அன்றைக்குக் கிடைத்தது மொத்தம் பதினொன்று.

"இந்த வாரம் மட்டும் விட்டுடலாம்மா. கொட்டகை போடவே கடன் வாங்கணும்" என்றார் என் வீட்டுக்காரர். மாமா பேசவில்லை. தகரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அத்தை சட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "அவங்க வீட்டு மேலயும் இதே புயல்தானேடா அடிச்சுது?"

பதிலே இல்லை. நான் கடமை உணர்ச்சியோடு, "பதினொண்ணுல பத்துல ஒண்ணுன்னா ஒண்ணேகாலே அரைக்கால் கூட வராது அத்தை... ஒண்ணு புள்ளி ஒண்ணு" என்றேன்.

"புள்ளியை எதுல ஊத்திக் கொடுப்பே? ரெண்டா எடு!"

அந்த இரண்டும் போனது பக்கத்துத் தெருவில் டி.பி. மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு. கணவர் இல்லை, இரண்டு குழந்தைகள். செங்கல்பட்டுக்கும் டி.பி.க்கும் பழைய சம்பந்தம்; பி.சி.ஜி. தடுப்பூசியை லட்சக்கணக்கான பேரிடம் சோதித்துப் பார்த்த பெரிய ஆராய்ச்சி 1968-ல் தொடங்கியது இந்த வட்டாரத்தில்தான். மருந்து மட்டும் போதாது, சாப்பாடும் வேண்டும் என்பதற்கு 2023-ல் இன்னொரு ஆராய்ச்சி வந்தது. ஜார்க்கண்டில் நோயாளி வீட்டில் உள்ளவர்களுக்குச் சத்துணவு கொடுத்ததில், அவர்களுக்கு டி.பி. வருவது ஏறத்தாழ 40 சதவிகிதம் குறைந்ததாம். அத்தை அந்தக் கட்டுரையைப் படித்ததில்லை. சட்டியோடு சரி.

வருஷக் கணக்கை ஆடிட்டரிடம் கொடுத்தபோது அவர் பேனாவை ஒரு இடத்தில் நிறுத்தினார். தீவனம், தடுப்பூசி, கிளிஞ்சல், தகரம் எல்லாவற்றுக்கும் மேலே, செலவில் முதல் வரியாக 'பத்தாவது முட்டை' என்று எழுதியிருந்தேன்.

"இதுக்கு வவுச்சர் இருக்கா?"

"வரும் சார்" என்றேன்.

வந்தது. ஆறு மாச மருந்து முடிந்து, கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்து, அந்தப் பெண் ஒரு நாள் தோப்புக்கு நடந்து வந்தார். கையில் சுருட்டிய ஐந்நூறு ரூபாய். "அம்மா, ஒரு அடைக்கோழி விலைக்குக் குடுப்பீங்களா?"

அத்தை சும்மாவே தூக்கிக் கொடுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். கொடுக்கவில்லை. ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டார். அந்தப் பெண் கோழியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போன பிறகு என்னைப் பார்த்து, "கேட்டு வரலை, வாங்க வந்திருக்கா. வரவுல எழுது" என்றார்.

எழுதினேன். வவுச்சரே நேரில் வந்து ரொக்கம் கட்டிவிட்டுப் போனதற்கு எந்தத் தலைப்பில் பற்று வைப்பது என்று மட்டும் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.