அந்த ரெண்டு மார்க்



நேற்று சாயங்காலம் பேரனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். பத்தாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடமே இயக்க விதிகள்தான். நியூட்டனின் மூன்று விதிகளையும் பிசகாமல் ஒப்பித்தான். "சரிடா, ஒரே வேகத்துல நேராப் போற வள்ளத்து மேல நிகர விசை எவ்வளவு?" என்று கேட்டேன். "நிறைய இருக்கும் தாத்தா, இல்லைன்னா எப்படி ஓடும்?" என்றான்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். அரிஸ்டாட்டில் சொன்னதை நம்பி உலகமே நூற்றாண்டுக் கணக்கில் அப்படித்தான் நினைத்தது. நகர்வதற்கு விசை வேண்டாம், நகர்வை மாற்றத்தான் விசை வேண்டும் என்று கலிலியோ தொடங்கி வைத்ததை நியூட்டன் 1687-ல் விதியாக எழுதினார். இஞ்சின் எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு தண்ணீர் தடுக்கிறது. இரண்டும் கழிந்தால் பூஜ்யம். வள்ளம் அதே வேகத்தில் போகிறது, அவ்வளவுதான்.

திரேஸ்புரத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல பஸ் பிரேக்கும் துப்பாக்கியும் எதற்கு? நம் தாத்தாக்கள் கல்லைப் பிடித்துக்கொண்டு முத்துக்குளித்தவர்கள். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். மூச்சை இழுத்து நிறுத்தினால் உடம்பு மிதக்கும், அதனால் கல். 15 கிலோ கருங்கல் தண்ணீருக்குள் ஏறக்குறைய 9 கிலோ போலத்தான் இழுக்கும், மீதியைக் கடல் தாங்கிக்கொள்ளும். கல்லை விட்ட முதல் நொடியில் வேகம் கூடும். வேகம் கூடக் கூடத் தண்ணீரின் தடையும் கூடி, இழுப்புக்குச் சமமாகிவிடும். அதற்குப் பிறகு ஆள் ஒரே சீராக இறங்குவார். பேரன் ஒப்பித்த முதல் விதி அதுதான். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகி நுரையீரல் காற்று பாதியாகச் சுருங்கும். அப்போது உடம்பு முன்போல மிதக்காது. அதனால்தான் மேலே கயிறு பிடிக்க ஒருவர். பெரும்பாலும் மச்சினன்மார்தான் பிடிப்பார்கள் என்று எங்கள் ஆச்சி சொல்வாள், தங்கச்சி தாலி அவன் கையில் அல்லவா!

இப்போது ஒரு பழைய கணக்கு. ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்த புதிது. எட்டாம் வகுப்புப் பரீட்சையில் மூன்றாம் விதிக்கு எடுத்துக்காட்டு கேட்டிருந்தேன். ஒருவன், 'வள்ளத்திலிருந்து கரைக்குக் குதித்தால் வள்ளம் பின்னால் போகும், சின்ன வள்ளம் என்றால் கூடுதலாகப் போகும்' என்று எழுதியிருந்தான். மூன்றாம் விதியோடு இரண்டாம் விதியையும் சேர்த்தே எழுதிவிட்டான் பாருங்கள். நான் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டேன்.

"வள்ளம் பின்னால போகும்லா சார்" என்று பேப்பரோடு வந்து நின்றான்.

"புத்தகத்துல உள்ளத எழுதுல."

அதற்குப் பிறகு அவன் சொந்தமாக ஒரு விடையும் எழுதவில்லை. அடுத்த வருஷம் சங்குகுளிக்கப் போய்விட்டான். வீட்டில் ஆயிரம் கஷ்டம் இருந்தது, என் ரெண்டு மார்க்கால் போனான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவனைப் பிடித்து நிறுத்த அந்த ரெண்டு மார்க்கும் இல்லாமல் போயிற்று. பின்னாளில் ஒரு நாள் வள்ளத்திலிருந்து கால் வைத்து இறங்கப் போய், வள்ளம் பின்வாங்கி, வேட்டியோடு தண்ணீரில் விழுந்தேன். கரையே சிரித்தது.

குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024-ல் அடிக்கல் நாட்டினார்கள். ராக்கெட் காற்றைத் தள்ளி ஏறுவதாகப் பல பேர் நினைக்கிறார்கள். இல்லை, தன் வயிற்றிலிருக்கும் வாயுவைப் பின்னால் தள்ளி ஏறுகிறது. கரைக்குக் குதித்தவன் வள்ளத்தைத் தள்ளின மாதிரிதான்.

உங்களில் எத்தனையோ பேர் இன்று ஆசிரியர்கள். புத்தகத்தில் இல்லாத சரியான விடையை ஒரு பிள்ளை எழுதினால் முழு மார்க் போடுங்கள். சந்தேகமாக இருந்தால் பேனாவை மூடிவிட்டு அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

இன்னொன்று. யார் வீட்டுப் பின்வாசலிலாவது பழைய முத்துக்குளிக் கல் கிடந்தால் சொல்லுங்கள். தராசோடும் பேரனோடும் வருகிறேன், தண்ணீருக்கு வெளியே ஒரு தடவை, உள்ளே ஒரு தடவை நிறுத்துப் பார்க்க வேண்டும்.