பர்ஸ் சமம், பலம் சமமா?

2022 ஆகஸ்டில் மும்பையில் நடந்த புரோ கபடி ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அணி பவன் ஷெராவத் என்ற ஒரே ரைடருக்கு 2 கோடியே 26 லட்சம் ரூபாய் கொடுத்தது. ஓர் அணி மொத்தமாகச் செலவழிக்க அனுமதிக்கப்பட்ட தொகையான பர்ஸே அப்போது நாலரைக் கோடிக்கு உள்ளேதான். அதில் பாதி ஒருவருக்கே போயிற்று. அக்டோபரில் சீசனின் முதல் ஆட்டத்திலேயே பவனுக்கு முழங்காலில் அடி. அந்த சீசனில் அவர் திரும்பி ஆடவே இல்லை. ஆனால் 2017-ல் களமிறங்கியதிலிருந்து அரையிறுதியைக் கண்ணால் பார்க்காத தலைவாஸ், அந்த ஆண்டுதான் முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது. அணியைத் தூக்கிச் சுமந்தவர் நரேந்தர் என்ற புதுமுகம். எடுத்த ரைடு புள்ளிகள் 243. அடுத்த ஏலத்தில் பவனை 2 கோடியே 60.5 லட்சத்துக்குத் தெலுங்கு டைட்டன்ஸ் வாங்கியது. அந்த அணிக்குக் கிடைத்தது பட்டியலின் கடைசி இடம்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் விளையாட்டு நிர்வாகிகளிடையே ஒரு நம்பிக்கை அசையாமல் இருக்கிறது. அணிகளின் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைத்துவிட்டால் பணக்கார அணி நல்ல ஆட்டக்காரர்களை அள்ளிக்கொண்டு போகாது, சின்ன ஊர் அணியும் ஒருநாள் கோப்பை தூக்கும் என்பது அது. மாவட்ட லீக், மண்டல லீக் என்று பேச்செடுத்தாலே முதலில் மேசைக்கு வருவது “ஒரு டீமுக்கு எவ்வளவு பர்ஸ்?” என்ற கேள்விதான். கூடைப்பந்துக்காரர்களிடம் இது இன்னும் கொஞ்சம் கூடுதல். அமெரிக்காவின் என்.பி.ஏ.வே அப்படித்தானே நடக்கிறது என்பார்கள்.

முதலில் நம் வீட்டுக் கணக்கையே பார்த்துவிடலாம். ஐ.பி.எல். 2008-ல் தொடங்கியபோதே உச்சவரம்போடுதான் தொடங்கியது; ஓர் அணிக்கு 50 லட்சம் டாலர். 2025-க்கான ஏலத்தில் அது 120 கோடி ரூபாய். தொகை ஏறியதே தவிர, எல்லா அணிக்கும் ஒரே அளவு என்ற விதி மாறவில்லை. 2025 வரை நடந்த 18 சீசன்களில் சென்னை 5, மும்பை 5, கொல்கத்தா 3 என்று மூன்றே அணிகள் 13 கோப்பைகளை எடுத்துக்கொண்டன. பெங்களூரு முதல் கோப்பையைத் தொட 18-வது சீசன் வரை காத்திருந்தது. டெல்லியும் பஞ்சாபும் அப்போதும் காத்துக்கொண்டுதான் இருந்தன. கபடியில் பாட்னா பைரேட்ஸ் இதே சமத் தொகைக்குள் அடுத்தடுத்து மூன்று கோப்பைகளை வென்றது. தலைவாஸோ 2019-ல் அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மன்ஜீத் சில்லர் என்று மூன்று பெரிய பெயர்களை ஒரே சட்டைக்குள் போட்டும் கடைசி இடத்தில் முடித்தது. உச்சவரம்பு விதியில் மிகக் கறாரானது என்று பேர் வாங்கிய அமெரிக்கக் கால்பந்து லீக்கிலும் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் ஆறு சூப்பர் பவுல்களை அள்ளியது அந்த விதிக்குள் இருந்துகொண்டுதான்.

சம்பளம் போகிற பக்கம் வெற்றி போகும் என்பதுதான் உச்சவரம்பு வாதத்தின் அடிமனை. மனையே மணல்தரையாக இருக்கிறது.

இனி என்.பி.ஏ. 1984–85 சீசனில் அங்கே உச்சவரம்பு வந்தது. அணிக்கு 36 லட்சம் டாலர். அந்த சீசன் முதல் 1998 வரை 14 சாம்பியன்ஷிப்களைப் பங்குபோட்டுக்கொண்ட அணிகள் ஐந்துதான்: லேக்கர்ஸ், செல்டிக்ஸ், பிஸ்டன்ஸ், புல்ஸ், ராக்கெட்ஸ். புல்ஸ் மட்டும் ஆறு. காரணம் ஒன்றும் மர்மமில்லை. கூடைப்பந்தில் களத்தில் நிற்பது ஐந்து பேர். அதில் ஒருவர் மைக்கேல் ஜோர்டனாக இருந்தால், மீதி நால்வரின் சம்பளத்தை எதிரணி எவ்வளவு கணக்குப் பார்த்தும் பயனில்லை. பதினொரு பேர் ஆடுகிற ஆட்டத்தில் ஒரு நட்சத்திரம் கரைந்துபோகலாம். ஐவர் ஆட்டத்தில் கரையமாட்டார்.

நம் ஊரில் அந்த விதியைக் கடன் வாங்கத் துடிப்பவர்கள் அதன் பிறப்புச் சான்றிதழைப் படித்ததாகத் தெரியவில்லை. 1983-ல் என்.பி.ஏ. நிர்வாகமும் ஆட்டக்காரர் சங்கமும் உட்கார்ந்து போட்ட ஒப்பந்தம் அது. உச்சவரம்பை ஆட்டக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பதிலுக்கு லீக்கின் மொத்த வருமானத்தில் 53 சதவீதம் தங்களுக்கு என்று எழுதி வாங்கினார்கள். கூரை வேண்டுமா, தரையும் போடு என்ற பேரம். இந்திய லீக்குகள் கூரையை மட்டும் பெயர்த்துக்கொண்டு வந்தன. 2019-ல் உருவான இந்தியக் கிரிக்கெட் வீரர் சங்கம்கூட ஓய்வுபெற்றவர்களுக்கானது. இன்று ஆடுகிறவருக்காக மேசையில் உட்கார்ந்து பேச அதில் இடமில்லை. பேரமே நடக்காத இடத்தில் உச்சவரம்பு என்பது சமநிலைக் கருவி அல்ல. முதலாளிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட கூலி நிர்ணயம். பண்ணையார்கள் கூடி இந்த ஆண்டு அறுப்புக்கூலி இவ்வளவுக்கு மேல் கிடையாது என்று முடிவெடுத்தால் அதை யாரும் சமத்துவம் என்று சொல்லமாட்டார்கள்.

தமிழ்நாட்டுக் கூடைப்பந்தில் இந்த விதி இன்னும் கேலிக்குரியதாகிவிடும். இங்கே ஆட்டக்காரரின் உண்மையான சம்பளம் லீக் ஒப்பந்தத்தில் இல்லை. வேலை நியமன உத்தரவில் இருக்கிறது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, வருமான வரித்துறை என்று மாநிலத்தின் பெரிய அணிகள் பலவும் அலுவலக அணிகள். கோயம்புத்தூரில் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பைக்கு வந்து இறங்கும் அணிகளின் சட்டையைப் படித்தாலே போதும், வங்கியும் ரயில்வேயும் படையும் காவல்துறையும்தான் இந்தியக் கூடைப்பந்து என்று புரியும். ஆறரை அடி உயரமுள்ள பையன் ஒருவன் தேடுவது சீசனுக்கு இரண்டு லட்சமா, ஓய்வு பெறும்வரை மாதச் சம்பளமும் ரயில் பாஸுமா? தமிழ்நாடு அரசே விளையாட்டு வீரர்களுக்கு அரசு, பொதுத்துறை வேலைகளில் 3 சதவீத இடஒதுக்கீடு வைத்திருக்கிறது. வேலை தர முடிந்த ஊரும் துறையும் ஆட்டக்காரரை வைத்துக்கொள்ளும். வேலை தர முடியாத ஊர் பயிற்சி கொடுத்து அனுப்பிவைக்கும்.

கல்லூரி அணிகளுக்கு வந்தால் கதை இன்னும் வழுக்கும். ஃப்ரீ சீட், விடுதி, சாப்பாடு, ஷூ, தங்கைக்குக் கட்டணச் சலுகை. இவற்றில் எது சம்பளம், எது இல்லை? எந்தக் கணக்காளர் விலை போடுவார்? ஆஸ்திரேலிய ரக்பி லீக்கில் மெல்பர்ன் ஸ்டார்ம் அணி இரட்டைக் கணக்கு வைத்து உச்சவரம்பை ஏய்த்தது 2010-ல் வெளியே வந்து, 2007, 2009 பட்டங்கள் பறிக்கப்பட்டன. இங்கிலாந்து ரக்பியில் சாரசன்ஸ் அணிக்கு 53 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதம் போட்டு, புள்ளிகளைப் பறித்து, கீழ்ப்பிரிவுக்கே தள்ள வேண்டிவந்தது. தணிக்கையாளர்களும் வழக்கறிஞர்களும் நிறைந்த லீக்குகளின் நிலைமை அது. ஸ்கோர் ஷீட் எழுதவே ஆள் தேடுகிற லீக்கில் யார் யாருக்குக் கணக்குக் காட்டப்போகிறார்கள்?

சரி, சம்பளத்தையே முழுதாக எடுத்துவிட்டால் என்ன ஆகும்? அந்தச் சோதனையும் தமிழ்நாட்டில் நடந்துவிட்டது. முதலமைச்சர் கோப்பையில் கூடைப்பந்து உட்படப் பல விளையாட்டுகளில் 38 மாவட்டங்களும் மோதுகின்றன. மாவட்ட அணி யாருக்கும் சம்பளம் தருவதில்லை; உச்சவரம்பு பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளலாம். இதைவிடக் கறாரான உச்சவரம்பு உலகத்தில் கிடையாது. 2023-லும் 2024-லும் பதக்கப் பட்டியலில் முதலிடம் சென்னைக்கு. உள்ளரங்கக் கோர்ட், முழுநேரக் கோச், தரமான விடுதி, காலையும் மாலையும் மோத எதிரணி எல்லாம் அடுத்தடுத்த தெருவில் கிடைக்கிற ஊர் ஜெயிக்கிறது. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஜவ்வாது மலையிலிருந்து பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் இந்த மலையில் சாமையும் புளியும் தேனும் விளைகின்றன. மலையாளி பழங்குடியினர் வாழ்கிறார்கள். ஜமுனாமரத்தூரிலிருந்து சமவெளிக்கு வர வேண்டுமானால் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிப் போளூருக்கோ திருப்பத்தூருக்கோ போக வேண்டும். நாளைக்கே ஒரு மண்டல லீக் தொடங்கி மலை அணிக்கும் சென்னை அணிக்கும் ஒரே பர்ஸ் கொடுத்தாலும், மலை அணியின் பணத்தில் பெரும்பங்கு டீசலுக்கும் தங்குமிடத்துக்கும் போய்விடும். சென்னை அணிக்கு அந்தச் செலவு மின்சார ரயில் டிக்கெட்டோடு முடியும்.

அதைவிடப் பெரிய சிக்கல், ஆட்டக்காரரை மலையிலிருந்து இழுத்துக்கொண்டு போவது எந்தப் பணக்கார அணியும் அல்ல, பிழைப்பு. வேலை தேடிக் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் இறங்குகிற இளைஞர்களின் மலை இது. 2015 ஏப்ரல் 7-ல் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி ஆந்திரப் போலீஸ் சுட்டுக்கொன்ற 20 பேரில் இந்த மலை ஊர்க்காரர்களும் இருந்தார்கள். அந்தக் கூலியோடு போட்டிபோட வேண்டிய அணிக்கு, அதற்கு மேல் கொடுக்கக்கூடாது என்று விதி எழுதுவது எந்த வகை நியாயம்?

இதே மலையில்தான் காவலூர் இருக்கிறது. கொடைக்கானலைவிட இரவு வானம் தோதாக இருக்கும் இடம் தேடி வானியலாளர் வேணு பாப்பு இங்கே வந்தார்; 1986-ல் அவர் பெயர் சூட்டப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி இங்கே நிற்கிறது. அதே பணத்தில் அதே கண்ணாடியை மெரினாவில் நிறுத்தியிருந்தால் விளக்கு வெளிச்சத்தைத்தான் படமெடுத்திருக்கும். நிர்வாகிகளுக்கு இது வானியலில் புரிகிறது, விளையாட்டில் மட்டும் புரிவதில்லை.

எதிர்த்தரப்பிடம் சொல்ல ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. உச்சவரம்பு இல்லாத ஜெர்மன் கால்பந்தில் பயர்ன் மியூனிக் 2013 முதல் 2023 வரை தொடர்ந்து 11 பட்டங்களை வென்றது. உச்சவரம்பு உள்ள என்.பி.ஏ.விலோ 2019 முதல் 2025 வரை ஏழு ஆண்டுகளில் ஏழு வெவ்வேறு சாம்பியன்கள். ஆனால் அந்த ஏழுக்கு முன்னால் வருமானப் பகிர்வு கூடியிருந்தது, வரம்பு மீறும் அணிகள் மீது வரி கடுமையாகியிருந்தது, ஒப்பந்தக் காலம் சுருங்கியிருந்தது. டி.என்.பி.எல். கிரிக்கெட்டையும் எடுத்துக் காட்டுவார்கள்: 70 லட்சம் ரூபாய் வரம்போடு ஏலம் வந்த 2023 முதல் கோவை, திண்டுக்கல், திருப்பூர் என்று மூன்று ஆண்டில் மூன்று அணிகள். உண்மைதான். ஆனால் அதற்கு முன்பு இருந்தது ஏலமே இல்லாத முறை. ஆட்டக்காரர்களைத் தரம் பிரித்து, தரத்துக்கு இவ்வளவு என்று தொகையைக் கட்டிப்போட்டிருந்த அந்தக் காலத்தில்தான் சேப்பாக் சூப்பர் கில்லீஸ் 2017, 2019, 2021 கோப்பைகளையும், 2022-ல் பாதிக் கோப்பையையும் கொண்டுபோனது. கட்டு இறுகியிருந்தபோது பெரும்பாலும் ஒரே அணி, தளர்ந்தபோது மூன்று அணி. இது யாருடைய வாதத்துக்குச் சாட்சி?

பொருளாதார அறிஞர் சைமன் ராட்டன்பெர்க் 1956-லேயே அமெரிக்க பேஸ்பாலை ஆராய்ந்து, ஆட்டக்காரரைக் கட்டிப்போடும் விதிகளால் அணிகளின் பலம் சமமாகாது, அவருக்குப் போக வேண்டிய பணம் முதலாளி பக்கம் நகரும், அவ்வளவுதான் என்று வாதிட்டார். பல பத்தாண்டுகள் ஓடிவிட்டன. தலைவலிக்குத் தலையணை மாற்றும் வேலை இன்னும் நிற்கவில்லை.

மாவட்ட அணிகள் சமமாக மோத வேண்டுமென்றால் வேறு பாக்கிகளைத் தீர்க்க வேண்டும். ஒளிபரப்பு, விளம்பரப் பணத்தில் தூரத்து அணிக்குப் பயணப் பங்கு தனியாக ஒதுக்க வேண்டும். ஆட்டக்காரரைப் பயிற்றுவித்த ஊருக்கு, அவரை எடுத்துக்கொண்ட அணி பணம் கட்ட வேண்டும். சர்வதேசக் கால்பந்தில் பயிற்சி இழப்பீடு என்று அதற்கு விதியே இருக்கிறது. சம்பளத்துக்கு ஓர் எண் வேண்டுமென்றால் அது இதற்குக் குறையக்கூடாது என்ற எண்ணாக இருக்கட்டும். மலையின் உண்டு உறைவிடப் பள்ளிகளில் முழுநேரக் கோச் ஒருவரை நியமிக்க ஆகும் செலவு, ஒரு நட்சத்திர ஆட்டக்காரரின் ஏலத்தொகையில் சில்லறைதான்.

அடுத்த லீக் அறிவிப்பு வரும்போது பத்திரிகையாளர் சந்திப்பில் பர்ஸ் எவ்வளவு என்று யாராவது கேட்பார்கள்; பதிலும் பெருமையாக வரும். அதே மூச்சில் இன்னும் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: லீக்கின் வருமானத்தில் ஆட்டக்காரருக்கு எத்தனை சதவீதம்? ஜமுனாமரத்தூர் அணி வந்துபோகும் வண்டிக்கு யார் பணம் கட்டுவது?